சிவப்புத் தண்ணீர் உறைவதில்லை: தாதிய மாணவரின் செய்முறைப் பயிற்சி பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

காலபோக அறுவடை தொடங்கினால் வன்னியில் மருத்துவ விடுதிக்குள்ளும் வைக்கோல் மணக்கும். ஆட்களை வயலில் நின்ற கோலத்திலேயே கொண்டுவருவார்கள். சாரத்தில் சுணை, காலில் பாதி காய்ந்த சேறு, கடிவாய்க்கு மேலே இறுக்கிக் கட்டிய சால்வைத் துண்டு. சில வேளை உரப்பைக்குள் அடித்த பாம்பும் கூடவே வரும். அதை மருந்து மேசையில் வைக்க வேண்டாம் என்று சொல்வதும் எங்கள் வேலைகளில் ஒன்று.

இந்த ஆய்வு அப்படி வந்த ஓர் ஐயாவைப் பற்றியது. அதைவிட, அவருக்கு இருபது நிமிட உறைவுச் சோதனை வைத்த மூன்றாம் வருடத் தாதிய மாணவியைப் பற்றியது. அந்த மாணவிக்குச் சோதனையைப் பழக்கியவள் நான் என்பதால் என்னைப் பற்றியதும்தான். வைத்தியசாலையின் பெயரோ ஆட்களின் பெயரோ இங்கே இல்லை. அடையாளம் காட்டக்கூடிய சில விபரங்களை மாற்றியிருக்கிறேன்.

சோதனை

புத்தகத்தில் கண்ணாடி விரியன், எங்கள் வயல்களில் புடையன். அதன் நஞ்சு குருதி உறைவதற்கு வேண்டிய பைபிரினோஜனைத் தின்று தீர்த்துவிடும். இலங்கைப் புடையனின் நஞ்சு சிறுநீரகத்தையும் தாக்கும், கண்ணிமையையும் சாய்க்கும். நஞ்சு உடலில் ஏறி வேலை செய்கிறதா என்று அறிய ஆய்வுகூடம் எதுவும் வேண்டாம். புதிய, உலர்ந்த ஒரு கண்ணாடிக் குழாயும் ஒன்றிரண்டு மில்லிலீற்றர் நாளக் குருதியும் போதும். குருதியை விட்டு, அறை வெப்பத்தில், நிமிர்த்தி, இருபது நிமிடம் தொடாமல் வைக்க வேண்டும். பிறகு ஒரேயொரு தடவை சரித்துப் பார்க்க வேண்டும். கட்டியாக நின்றால் உறைந்திருக்கிறது. தண்ணீர்போல் ஓடினால் உறையவில்லை, விஷமுறிவு மருந்து தேவைப்படலாம்.

கண்ணாடி ஏன் என்பதுதான் இதன் உயிர்நாடி. குருதி கண்ணாடிச் சுவரைத் தொடும்போது உறைவுச் சங்கிலியின் பன்னிரண்டாம் காரணி தூண்டப்படுகிறது. அங்கிருந்துதான் இந்தச் சோதனையில் உறைதல் தொடங்குகிறது. வெற்றுப் பிளாஸ்டிக்கில் அந்தத் தூண்டல் போதாது. சவர்க்காரம் போட்டுக் கழுவிய கண்ணாடியையும் நம்ப முடியாது. அப்படிப்பட்ட குழாயில் சுகதேகியின் குருதியும் இருபது நிமிடத்துக்குப் பிறகு ஓடக்கூடும். அதைப் பார்த்து நஞ்சு ஏறிவிட்டது என்று முடிவுகட்டினால் பிழை.

அன்று

ஐயாவுக்கு ஐம்பத்தைந்து வயதளவில் இருக்கும். காலையில் வைக்கோல் அள்ளும்போது இடது குதிக்காலுக்கு மேலே கடி. பாம்பைக் கண்டது மகன். "புடையன் மாதிரித்தான் கிடந்தது, தடிச்ச பாம்பு" என்றார். அடிக்கவில்லை. முதலில் விஷகடி வைத்தியரிடம் போய், அவர் ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்ல, ஆட்டோவில் வந்து சேர்ந்தபோது கடித்து ஒன்றரை மணித்தியாலம் ஆகியிருந்தது. இரண்டு புள்ளிகள், சுற்றிவரச் சிறிய வீக்கம். பல் முரசில் குருதிக் கசிவு இல்லை, இமை சாயவில்லை.

வைத்தியர் சோதனை வைக்கச் சொன்னார். விடுதித் தாதி மாணவியைப் பார்த்தார், மாணவி என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன்.

"ஐயா, கொஞ்சம் நோகும். கையை ஆட்டாதேங்கோ."

"நீ குத்து பிள்ளை. பழகிற பிள்ளையோ? பழகத்தானே வேணும்."

ஒரே குத்தில் குருதி வந்தது. கை நடுங்கவில்லை. ஊசியின் கோணம் சரி, பட்டியை அவிழ்த்த நேரம் சரி, பஞ்சை வைத்து அழுத்திய விதமும் சரி. மனதுக்குள் புள்ளி போட்டுவிட்டு நான் மற்றக் கட்டிலுக்குத் திரும்பிவிட்டேன். அதற்குப் பிறகு நடந்ததை நான் பார்க்கவில்லை, கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

கண்ணாடிக் குழாய் வைக்கும் டப்பா வெறுமையாக இருந்தது. பக்கத்துத் தட்டில் மருந்தெதுவும் பூசாத பிளாஸ்டிக் குழாய்கள் இருந்தன. மாணவி அதிலொன்றை எடுத்துக் குருதியை விட்டு, தாங்கியில் நிறுத்தி, நேரத்தை உள்ளங்கையில் எழுதிக்கொண்டார். எட்டாவது நிமிடத்தில் ஒரு தாதி கடந்துபோகும்போது "உறைஞ்சிட்டுதோ?" என்று கேட்டார். மாணவி குழாயைத் தூக்கிச் சரித்துப் பார்த்து "இன்னும் இல்லை மிஸ்" என்றார். பன்னிரண்டாவது நிமிடத்தில் தானாகவே இன்னொருதரம் பார்த்தார். இருபதாவது நிமிடத்தில் குருதி ஓடியது. "உறையேல்லை" என்று டிக்கெட்டில், அதாவது நோயாளியின் பதிவுத் தாளில், எழுதினார்.

விஷமுறிவு மருந்துக் குப்பிகள் பத்து மேசையில் வரிசையாக வந்துவிட்டன. முதல் குப்பிக்குத் தூய நீரை சிரிஞ்சில் எடுத்துக்கொண்டிருந்த மூத்த தாதி தாங்கியைத் திரும்பிப் பார்த்தார்.

"இந்தக் குழாயை ஆர் எடுத்தது?"

விடுதி சட்டென்று அமைதியானது. குப்பிகள் உடையாமல் அப்படியே நின்றன. விபத்துப் பிரிவிலிருந்து கண்ணாடிக் குழாய்கள் இரண்டு வந்தன. ஒன்றில் ஐயாவின் குருதி, மற்றதில் ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக மகனின் குருதி. சந்தேகம் வந்தால் சுகதேகி ஒருவரின் குருதியைப் பக்கத்தில் வைத்துப் பார் என்று உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டியும் சொல்கிறது. இருபது நிமிடத்துக்குப் பிறகு இரண்டும் கட்டியாக நின்றன. அதன்பின் அடுத்தடுத்து வைத்த சோதனைகளிலும் ஐயாவின் குருதி உறைந்தது. விஷப்பாம்பு கடித்தாலும் நஞ்சு இறங்காமல் போவதுண்டு, அல்லது அது புடையனே அல்லாமலும் இருக்கலாம். கண்காணிப்பு முடிந்து, மறுநாள் பின்னேரம் வீட்டுக்குப் போனார்.

மருந்தை ஏற்றியிருந்தால்தான் என்ன என்று கேட்கலாம். இலங்கையில் 1007 நோயாளரிடம் நடந்து 2011இல் வெளியான ஆய்வில் விஷமுறிவு மருந்து பெற்றவர்களில் 75 வீதமானோருக்கு ஒவ்வாமை எதிர்வினை வந்தது. மூச்சு முட்டுவது, குருதியழுத்தம் விழுவது போன்ற கடுமையானவையும் அவற்றில் குறைவில்லை. தேவையானவருக்கு அந்த ஆபத்தைத் தெரிந்தே ஏற்கிறோம். தேவையில்லாத ஒருவருக்கு அதைக் கொடுக்க ஒரு பிளாஸ்டிக் குழாய் காரணமாகியிருக்கும்.

கேட்டதும் சொன்னதும்

நோயாளிக்கு முன்னால் வைத்து மாணவியை ஏசுவது எங்களிடம் ஊறிப்போன வழக்கம். நானும் அப்படித்தான் பழக்கப்பட்டவள், இன்றைக்கும் வாய் உன்னும். அன்று பொறுப்புச் சகோதரி எழுத்தில் விளக்கம் கேட்கவே எழும்பிவிட்டார். மதியம் வரை நேரம் தரச் சொல்லிக் கேட்டேன். தேநீர் வேளைக்குப் பிறகு, கடமை அறையில், மாணவியும் நானும் மட்டும் இருந்தோம். ஏன் செய்தாய் என்று கேட்கவில்லை. முதலில் இருந்து ஒவ்வொன்றாகச் சொல்லு என்றேன்.

"மிஸ், கண்ணாடிக் குழாய் எண்டுதான் படிச்சனான். ஆனா அது முடிஞ்சு போச்சு. குழாய் எண்டா குழாய்தானே எண்டு நினைச்சன்."

"சரிச்சுப் பார்த்தது?"

"அவ கேட்டவ, மிஸ். பாக்காமல் எப்பிடிச் சொல்லுறது?"

பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டு அவர் சொன்ன ஒரு வசனம்தான் இந்த ஆய்வை எழுத வைத்தது: "மிஸ், நான் ரத்தம் உறைஞ்சு நிண்டதை இண்டைக்குத்தான் முதல்முதல் கண்டனான். லாபில நாங்கள் விட்டது சிவப்புத் தண்ணிதானே. அது ஒருநாளும் உறையாது."

உண்மைதான். செய்முறைக் கூடத்தில் இறப்பர்க் கையின் குழாய்க்குள் சாயம் கலந்த தண்ணீரை நிரப்பி வைத்திருக்கிறோம். அதில் குத்தி, இழுத்து, குழாயில் விட்டு, "இருபது நிமிடம் வைப்பேன்" என்று வாயால் சொன்னால் அந்தப் படிக்குப் புள்ளி கிடைக்கும். அடுத்த மாணவி வரிசையில் நிற்பார். 1911இல் அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்ட்டில் தாதியரைப் பழக்க "மிசிஸ் சேஸ்" என்ற ஆளுயரப் பொம்மை வந்த காலத்திலிருந்து பொம்மைகளிடம் உள்ள குறை இதுதான்: செய்த வேலைக்குப் பொம்மை பதில் சொல்லாது.

மாணவியின் பதிவேட்டை எடுத்துப் பார்த்தேன். "இருபது நிமிடக் குருதியுறைவுச் சோதனை: தேர்ச்சி" என்றிருந்தது. கீழே இருந்தது என்னுடைய கையொப்பம்.

எங்கே பிழைத்தது

மாணவி கவனக்குறைவானவர் என்று எழுதி முடித்துவிடலாம். அப்படி எழுதினால் அடுத்த வருடம் அதே டப்பா வெறுமையாகும், இன்னொரு மாணவி அதே தட்டுக்குக் கைநீட்டுவார். பிழை நான்கைந்து இடங்களில் கிடக்கிறது. அவற்றில் இரண்டைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்.

ஒன்று பரீட்சை. பல நிலையங்களைச் சுற்றிவந்து செய்முறையைக் காட்டும் பரீட்சை முறையை 1975இல் மருத்துவக் கல்வியாளர் ஹார்டன் ஸ்கொட்லாந்தின் டண்டியில் அறிமுகப்படுத்தினார். நல்ல முறை, எல்லோருக்கும் ஒரே கேள்வி, ஒரே புள்ளித்தாள். ஆனால் எங்களிடம் ஒரு நிலையத்துக்கு ஐந்து நிமிடம். ஐந்து நிமிடத்துக்குள் இருபது நிமிடத்தை வைக்க முடியாது. ஆகவே காத்திருத்தலை வெட்டினோம். பரீட்சையில் வெட்டியதை வகுப்பிலும் வெட்டினோம், பின்னர் கைத்தொலைபேசிக் காணொளியிலும் வெட்டினோம். மிச்சத்தை மாணவியர் இரட்டை வேகத்தில் ஓடவிட்டுப் பார்க்கிறார்கள். இந்தச் சோதனையில் குருதி எடுப்பது பொதுவான வேலை, எந்தச் சோதனைக்கும் உரியது. இதற்கே உரியது கண்ணாடியும் காத்திருப்பும். நாங்கள் புள்ளி போட்டதெல்லாம் குருதி எடுத்ததற்கு.

மருத்துவக் கல்வியாளர் மில்லர் திறனை அளப்பதற்கென்று 1990இல் வரைந்த கூம்பில் நான்கு படிகள்: அறிதல், எப்படி என்று அறிதல், செய்து காட்டுதல், செய்தல். நான் மூன்றாம் படியைப் பார்த்துவிட்டு நான்காம் படிக்குக் கையொப்பமிட்டேன்.

மற்றது மொழி. மாணவியின் கொப்பியில் "அன்டிஸ்டர்ப்ட்" என்ற ஆங்கிலச் சொல் இருந்தது. சிவப்புப் பேனையால் அடிக்கோடும் இட்டிருந்தார். அது என்ன என்று கேட்டேன். "குழப்பாமல்" என்றார். குழப்பாமல் என்றால்? "குலுக்கக்கூடாது, மிஸ்." குலுக்கவில்லை, மெதுவாகச் சரித்துத்தானே பார்த்தார். அவர் விளங்கிக்கொண்ட அளவில் அவர் சொல்லை மீறவே இல்லை. படிப்பது ஓர் மொழியில், டிக்கெட் எழுதுவதும் அதில், ஐயாவோடு கதைப்பது வேறொன்றில். இரண்டுக்கும் நடுவே சொல் மட்டும் கடந்துபோயிருக்கிறது.

மாற்றிப் பழக்கியது

செய்முறை பழக்க அறுவை மருத்துவர் பெய்ற்றன் 1998இல் சொன்ன நான்கு படிகள் எங்கள் ஆசிரியர் பயிற்சியிலும் வரும். முதலில் வாய் திறக்காமல் இயல்பான வேகத்தில் செய்து காட்டுவது. இரண்டாவது, விளக்கிச் செய்வது. மூன்றாவது, மாணவி சொல்லச் சொல்ல ஆசிரியர் செய்வது. நான்காவது, மாணவி தானே சொல்லிச் செய்வது. நேரமில்லை என்று முதலிரண்டையும் ஒன்றாக்கி, மூன்றாவதை விழுங்கி, நேரே நான்காவதுக்குப் பாய்வதுதான் என் வழக்கமாக இருந்தது. மூன்றாவதில்தான் எல்லாம் இருக்கிறது. அங்கே மாணவியின் வாய் என் கையை ஓட்டுகிறது. சொல்லாததை நான் செய்யமாட்டேன், பிழையாகச் சொன்னால் பிழையாகவே செய்வேன். "குழாயை எடுங்கோ மிஸ்" என்றால் கைக்குக் கிட்ட உள்ள பிளாஸ்டிக் குழாயை எடுப்பேன். இதைத் தமிழிலேயே சொல்ல வேண்டும் என்றேன். "அன்டிஸ்டர்ப்ட்" என்ற இடத்தில் ஒரு மாணவி திக்கி, பிறகு "தொடாமல், தூக்காமல், ஆர் கேட்டாலும் சரிக்காமல்" என்றார். அந்த "ஆர் கேட்டாலும்" எந்தப் புத்தகத்திலும் இல்லை. இப்போது எங்கள் சுவரில் இருக்கிறது.

அதற்கு முன் ஒரு காலை முழுவதையும் குருதி உறைவதைப் பார்ப்பதற்கென்றே ஒதுக்கினேன். மாணவியரிடம் குருதி கேட்கவில்லை. எடுக்கலாமா என்று ஆசிரியர் கேட்டால் எந்த மாணவியால் மாட்டேன் என்று சொல்ல முடியும்? என் கையிலிருந்து ஒரு சக ஆசிரியை எடுத்தார். கையுறை, கூர்ப்பொருள் பெட்டி எல்லாம் விடுதியில் உள்ளபடியே. நான்கு குழாய்கள்: புதிய கண்ணாடி, வெற்றுப் பிளாஸ்டிக், நாங்களே சவர்க்காரம் போட்டுக் கழுவிக் காயவைத்த கண்ணாடி, ஊதா மூடி போட்ட குழாய். ஊதா மூடிக்குள் இருப்பது ஈடிடிஏ. அது கல்சியத்தைப் பிடித்துவைப்பதால் அதற்குள் குருதி உறையவே உறையாது. ஆறு மாணவியர் சுற்றிவர இருந்தார்கள். யாரும் தொடக்கூடாது, கதைக்கலாம்.

முதல் ஐந்து நிமிடம் சிரிப்பு. பத்தாவது நிமிடத்தில் ஒருவர் கையை நீட்டிவிட்டு இழுத்துக்கொண்டார். பதினைந்தில் எல்லோரும் மணிக்கூட்டைப் பார்த்தார்கள். இருபது நிமிடம் எவ்வளவு நீளம் என்பது உடம்பில் ஏறியது அன்றுதான். சரித்தபோது கண்ணாடிக் குழாயின் குருதி சுவரோடு ஒட்டி நின்றது. தலைகீழாகப் பிடித்தேன், விழவில்லை. பிளாஸ்டிக்கில் அடியில் குழைவாக ஒரு கட்டி, மேலே ஓடும் குருதி. சவர்க்காரக் குழாயிலும் ஓடியது. ஊதாவைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. "எல்லாம் ஒரே ஆளின்ர ரத்தம்" என்று ஒருவர் தனக்குள் சொன்னது கேட்டது. நான் எதுவும் விளக்கவில்லை.

அதன்பிறகு "பிழைத் தட்டு". சோதனைக்கான பொருட்கள் எல்லாவற்றையும் ஒழுங்காக அடுக்கிக் கொடுத்துப் பழக்கினால் மாணவி அடுக்கியதைத்தான் எடுப்பார். விடுதியில் யாரும் அடுக்கித் தருவதில்லை. ஆகவே தட்டில் பிளாஸ்டிக், ஊதா மூடி, ஈரம் காயாத கண்ணாடி என்று கலந்து வைத்தேன். ஒருமுறை சரியான குழாயே இல்லாத தட்டைக் கொடுத்தேன். அந்தத் தட்டுக்குச் சரியான விடை சோதனையை வைக்காமல் இருப்பதும் வைத்தியருக்குச் சொல்வதும்தான். இரண்டு பேர் அதைச் சொன்னார்கள். மற்றவர்கள் ஈரக் கண்ணாடியைப் பஞ்சால் துடைத்தார்கள். இல்லை என்று சொல்வதற்குப் புள்ளி உண்டு என்பதே அவர்களுக்குப் புதிது.

குறுக்கீடுகளையும் பழக்கினோம். குழாயை வைத்த கையோடு நான் உறவினராக மாறி "தங்கச்சி, ஐயாவுக்கு சேலைன் முடியுது" என்பேன். சக ஆசிரியை தாதியாக வந்து "உறைஞ்சிட்டுதோ?" என்பார். மாணவி போக வேண்டும், மற்ற வேலையைச் செய்ய வேண்டும், நேரத்துக்குத் திரும்பவும் வேண்டும். முதல் நாள் ஒருவர் இருபத்தாறாவது நிமிடத்தில் ஓடிவந்தார். உள்ளங்கையில் எழுதிய நேரம் கை கழுவியபோது போய்விட்டதாம். அதிலிருந்து தாங்கியில் பிளாஸ்டர் துண்டொன்றை ஒட்டி, வைத்த நேரம், பார்க்க வேண்டிய நேரம் இரண்டையும் எழுதுகிறோம். கேட்பவர் மாணவியைக் கேட்காமல் பிளாஸ்டரைப் பார்க்கலாம். இந்த யோசனை பிந்தி வந்த அந்த மாணவியுடையது.

பரீட்சைக்கும் ஒரு வழி கண்டோம். சோதனையை இரண்டு துண்டாக்கி, முதல் நிலையத்தில் குழாயை வைக்க விட்டோம். இடையில் காயத்துக்கு மருந்து கட்டுதல், கனுலா (நாளத்தில் ஏற்றிவைக்கும் சிறு குழாய்) பராமரிப்பு, குருதியழுத்தம் என்று வேறு நிலையங்கள். ஐந்தாவதில் திரும்பி வந்து தன் குழாயை வாசிக்க வேண்டும். உள்ளக மாதிரிப் பரீட்சையில் இதைச் செய்து பார்த்தோம். இறுதிப் பரீட்சை இன்னும் ஐந்து நிமிடத்தில்தான் நிற்கிறது. அதை மாற்றுவது என் கையில் இல்லை.

எல்லாம் திருந்திவிட்டது என்று சொல்ல மாட்டேன். இந்த முறையில் பழக்க ஒரு மாணவிக்கு முன்பைவிட மூன்று மடங்கு நேரம் போகிறது. அந்த நேரத்தில் வேறு செய்முறைகள் பின்தள்ளப்படுகின்றன. கனுலா ஏற்றுவதற்கு இதே முறையைக் கொண்டுவரப் பார்த்தேன், அது அவ்வளவு தேவைப்படவில்லை. கனுலா உடனே பதில் சொல்லும்: குருதி வரும், அல்லது வீங்கும். பதில் பிந்தி வரும் வேலைகளுக்குத்தான் இது வேண்டும் என்பது இப்போதைக்கு என் எண்ணம். டெங்கு நோயாளியின் நீர்வரவு செலவுக் கணக்கு, குருதி ஏற்றும்போது முதல் பதினைந்து நிமிடம் பக்கத்தில் நிற்பது போன்றவை அடுத்ததாக என் பட்டியலில் இருக்கின்றன.

பொறுப்புச் சகோதரி கேட்ட விளக்கத்தை நான்தான் எழுதிக் கொடுத்தேன். மாணவியின் பெயர் அதில் இல்லை, குழாய்த் தட்டின் படம் இருந்தது. ஒரு வாரத்தில் கண்ணாடிக் குழாய்களுக்கென்று பழைய பிஸ்கட் டின் ஒன்று விடுதிக்கு வந்தது. மூடியில் பன்னிரண்டு என்று எண்ணிக்கை எழுதியிருந்தது. அந்த மாணவி பயிற்சி முடிந்து இப்போது வேறொரு வைத்தியசாலையில் வேலை செய்கிறார். போன மாசியில் நான் அந்த டின்னைத் திறந்தபோது உள்ளே நான்கு குழாய்கள் இருந்தன. அடியில் யாரோ ஒரு மாணவியின் கையெழுத்தில், மடித்துவைத்த கடதாசித் துண்டு: "மூண்டு ஆகினால் ஸ்டோர்ஸுக்குச் சொல்லவும். கழுவி வைக்க வேண்டாம்."